ஜெர்மனியிலிருந்து வந்த ஜீன்ஸ்

சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதம் நடந்தது இது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் எனக்கு நிச்சயம் முடிந்து, ஆவணியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அவருக்கு மட்டும் வேலை ஜெர்மனியில். நிச்சயத்துக்கு வந்தவர் லீவு முடிந்து திரும்பிப் போயிருந்தார்.

கல்யாணம் முடிந்ததும் நானும் அங்கே போக வேண்டும். அந்தக் குளிரில் சேலை கட்டிக்கொண்டு நடமாட முடியாது என்று, ஊருக்கு வந்த நண்பரிடம் எனக்கு ஒரு ஜீன்ஸ் கொடுத்தனுப்பினார். வாங்குவதற்கு முன் அவருடைய அக்கா என்னிடம் சைஸ் கேட்டார். இங்கே கடையில் நான் எப்போதும் எடுப்பது முப்பத்திரண்டு. அதையே சொன்னேன், அவரும் தம்பிக்கு அதையே சொல்லிவிட்டார்.

மாமியாராகப் போகிறவர் அந்த ஜீன்ஸைத் தாம்பாளத்தில் பூ, பழம், குங்குமத்தோடு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். தாம்பாளத்தில் ஜீன்ஸை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர்கள் கிளம்பிப் போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். முட்டிக்கு மேல் ஏறவே இல்லை! கட்டிலில் மல்லாந்து படுத்து, அம்மா ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுக்க, இருவருக்கும் வேர்த்ததுதான் மிச்சம்.

போட்டோ அனுப்பச் சொல்லி அவருடைய அக்கா, அதாவது என் மதினி, கேட்டார். பத்தவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான், அன்று சாயந்திரமே மாமியாராகப் போகிற அத்தையிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்துவிட்டது.

"பொண்ணு சைஸைக் குறைச்சுச் சொல்லிட்டீகளே! சேலையில ஒண்ணும் தெரியல. சரி, போனது போகட்டும். கல்யாணத்துக்குள்ள அந்த ஜீன்ஸு ஏறுற மாதிரி பொண்ணை மெலிய வச்சிருங்க."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. பத்தாததுகூடப் பரவாயில்லை, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்களே! ஆனால் அம்மா பயந்துவிட்டாள். இதைச் சாக்கு வைத்துக் கல்யாணம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தூக்கமே இல்லை. மறுநாளிலிருந்து எனக்குச் சோறு கிடையாது. காலையும் ராத்திரியும் கொள்ளுக் கஞ்சி, மத்தியானத்துக்கு ரெண்டு வெள்ளரிக்காய்.

"ஏட்டி, ஒரு மாசம் வாயைக் கட்டினா என்ன, குறைஞ்சா போயிருவ?" என்பாள். குறையத்தானே சொல்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு குடித்தேன். அந்தக் கஞ்சியைக் குடித்த என்னை நினைத்தால் இப்போதும் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் வேலை நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் அக்கா ஓடிவந்து, தன் டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றை ஊட்டாத குறையாகக் கொடுத்தார். சோறு உள்ளே போகப் போகத்தான் எதிரே இருந்த பெட்டி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் ஒரே அகலத் துணிதான், உள்ளூர்ப் பெட்டியில் நாலு இஞ்ச் என்றும் வெளிநாட்டுப் பெட்டியில் பத்து சென்டிமீட்டர் என்றும் அச்சடிப்போம். தினமும் அதைச் சரிபார்த்து அனுப்புகிறவள் நான். ஜீன்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்!

புளிச்சோற்றுக் கையைக் கழுவிவிட்டுப் போனில் தேடினேன். இங்கே ஜீன்ஸில் முப்பத்திரண்டு என்றால் இடுப்புச் சுற்றளவு, இஞ்ச் கணக்கு. ஜெர்மனியில் பெண்களின் உடுப்புக்கு வேறு ஒரு கணக்கு உண்டு. அதில் முப்பத்திரண்டு என்றால் இருப்பதிலேயே சின்ன சைஸ்களில் ஒன்று. என் இடுப்புக்கு அங்கே நாற்பத்திரண்டு. இங்கிலாந்தில் அதுவே பதினாலு, அமெரிக்காவில் பத்தோ பன்னிரண்டோ, கம்பெனிக்குத் தக்கபடி மாறும். இடுப்பு ஒன்றுதான், நாட்டுக்கு நாடு நம்பர்தான் வேறு. இதற்காகவா நான் பட்டினி கிடந்தேன்?

விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "போன்ல பக்குவமா சொல்லிரலாம்" என்றாள். பொய்க்காரி என்று சொன்னவர்களிடம் நேரில் போய்த்தான் சொல்வேன் என்றேன். அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் ஆடி மாதம்.

"ஊரு என்ன பேசும்டி?"

"பேசட்டும்மா. பசியில மயங்கி விழுந்தப்ப ஊரா வந்து சோறு போட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு, ஜீன்ஸைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். வெறுங்கையோடு போகக் கூடாது. அதோடு எனக்குப் பசி வேறு.

என்னை வாசலில் பார்த்ததும் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். ஜீன்ஸை எடுத்து மதினியிடம் நீட்டினேன். மதினி என்னைவிட ரொம்ப ஒல்லி.

"மதினி, நீங்க ஒருக்கா போட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு உள்ளே போனார். செத்த நேரத்தில் உள்ளிருந்து சத்தம் வந்தது.

"யம்மா, எனக்கே தொடையைத் தாண்ட மாட்டேங்குதும்மா!"

மதினியின் தையல் டேப்பை எடுத்து அந்த ஜீன்ஸின் இடுப்பை அளந்து காட்டினேன். இருபத்தைந்து இஞ்சுதான் வந்தது. ஊருக்கு ஊர் நம்பர் மாறுகிற கதையையும் சொன்னேன். மதினி, "நாந்தான் இஞ்சுன்னு சொல்லாம வெறும் நம்பரை அனுப்பிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். அத்தை அசரவில்லை.

"சரித்தா, சைஸு தப்பாவே இருக்கட்டும். ஆனாலும் கல்யாணப் பொண்ணு செத்த மெலிஞ்சா நல்லாத்தான இருக்கும்?"

அப்போதுதான் புரிந்தது, ஜீன்ஸ் வெறும் சாக்கு என்று. டேப்பைச் சுருட்டி மதினி கையில் கொடுத்தேன். சொல்லிவிட்டேன்.

"மெலிய மாட்டேன் அத்தை. நிச்சயத்தன்னைக்கு என்ன உடம்போட இருந்தேனோ அதோடதான் மணவறையில உக்காருவேன். அது பிடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்க."

மதினி பதறிப்போய்த் தம்பிக்கு வீடியோ காலில் போட்டுப் போனை என் கையில் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி, "உங்களுக்கும் நான் மெலியணுமா?" என்று நேராகக் கேட்டேன். ஒரு கணம் அவர் பேசவில்லை. அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் அவரோடு சண்டை போடுவேன். பிறகு, "ஜீன்ஸை நான் மாத்தி எடுக்கேன். நீ மொதல்ல சாப்பிடு" என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை அடுப்படிக்குப் போய் இலை போட்டார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பால்கோவாவையும் பிரித்து, அத்தை முன்னாலேயே தின்றேன்.

கல்யாணத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை வேறு ஜீன்ஸ் கொண்டுவந்தார். இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. பின்பக்கம் நாற்பத்திரண்டு என்று பெரிதாக எழுதிய லேபிள். அத்தை அதைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலோடு வந்தார்.

"இதை வெட்டிருத்தா. சொந்தக்காரங்க பாத்தா நாப்பத்திரெண்டு இஞ்சுன்னு நெனச்சுக்குவாக."

"நெனைக்கட்டும் அத்தை" என்றேன்.

இப்போது ஜெர்மனியில் இருக்கிறோம். பிள்ளை பிறந்தபின் அந்த நம்பரும் ஏறிவிட்டது, ஆனாலும் எந்த ஜீன்ஸிலும் நான் லேபிளை வெட்டுவதில்லை. போன லீவுக்கு ஊருக்குப் போனபோது ஒரு சொந்தக்காரப் பெண் நடுக்கூடத்தில் என் சைஸைக் கேட்டுச் சிரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"நாப்பத்தாறு. அது அந்த ஊரு கணக்கு. ஒனக்கு எம்புட்டுன்னு சொல்லு, டேப்பு எடுத்துட்டு வாரேன்."

எந்த நாட்டு நம்பராக இருந்தாலும் துணிதான் என் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்று அன்றைக்கு நான் வாசல் மிதித்துச் சொன்னது, அந்த வீட்டில் இன்றும் செல்லுபடியாகிறது.