மூணு சிடி, மூணு வீடு

"ஏட்டி, வி.சி.டி. செத்துப்போச்சு" என்று முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். ராணுவ டெப்போ வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "டிவிடி வந்தாச்சு. ஒரே தட்டுல முழுப் படம், கண்ணாடி மாதிரி தெரியுது. அலமாரியக் காலி பண்ணு."

புனேயை ஒட்டிய தேஹு ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு முன்னறையில், தமிழ்ப் பட வி.சி.டி.களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கம். தமிழ்ப் படம் என்றால் என் வாசலுக்குத்தான் வர வேண்டும். "மாட்டேன்" என்றேன்.

வி.சி.டி.யில் ஒரு படத்துக்கு மூன்று சிடி. பாட்டு நடுவில் நின்றுபோகும், எழுந்துபோய் அடுத்ததைப் போட வேண்டும். ஊரெல்லாம் குறை சொன்னது அதைத்தான். எங்களுக்கோ அதுவே வசதி. ஒரு படத்தை மூன்று வீடு சேர்ந்து எடுக்கும். ஒரு வீடு முதல் சிடியை முடித்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் போடும். ஞாயிறு மதியம் முந்தானைக்குள் சிடியை வைத்துக்கொண்டு தெருவில் ஓடுகிற பெண்களைப் பார்க்கலாம்.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். எதிர்வீட்டு மதினி அந்த ரகம். முதல் சிடி வரும்வரை சும்மா இருக்க மாட்டாமல் மூன்றாவதைப் பார்த்துவிடுவாள். பிறகு ஜன்னல் வழியாகக் கத்துவாள்.

"கடைசில ஹீரோ செத்துப்போறான், அதுக்குள்ள எதுக்கு இந்த ஆட்டம் ஆடுதான்?"

"சொல்லித் தொலைச்சிட்டியளா! இனி நான் எதப் பாக்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா அழாத குறையாகப் பதில் கொடுப்பாள்.

தீபாவளிக்கு அந்த மதினியே டிவிடி பெட்டி வாங்கினாள். தெருவே போய்ப் பார்த்தது. நான் கையோடு ஒரு வி.சி.டி.யைக் கொண்டுபோய் அதற்குள் தள்ளினேன். ஓடியது!

"பாத்தியளா? புதுசு என்னுதையும் சேத்துத்தான் திங்குது" என்றேன். அந்த ஒரு வாயால் இன்னும் இரண்டு வருஷம் கடையை ஓட்டினேன்.

பிறகு மொட்டை மாடிகளில் டிஷ் முளைத்தது. ஞாயிறுதோறும் சும்மாவே தமிழ்ப் படம். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, யாரும் வரவில்லை. வீட்டுக்காரர் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மூன்றாவது ஞாயிறு நானே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் சிடி பக்கத்து வீட்டு அக்காவுக்கு, இரண்டாவது எதிர்வீட்டுக்கு. மூன்றாவதை என் கையில் வைத்துக்கொண்டேன்.

"டிஷ்லயே படம் ஓடுதே" என்று இழுத்தாள் எதிர்வீட்டு மதினி.

"ஓடட்டும். அதுல செத்தவன் செத்தவன்தான். இதுல மூணாவது சிடில செத்தாலும் முதல் சிடில எந்திரிச்சு வந்து ஆடுவாம்லா? நான் கடைசியிலேருந்து பாக்கப் போறேன். முடிச்சிட்டு ஓடி வாங்க."

அவள் சிரித்துக்கொண்டே சிடியை முந்தானைக்குள் வைத்தாள்.