மாமா பேச எழுந்தபோது

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தையல் யூனிட்டுக்கு விடுமுறை. வழக்கம்போல் காலையில் மெஷின்களின் மேல் படிந்திருந்த பஞ்சுத் தூசியைத் துடைத்து, ஓவர்லாக் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டேன். முறிந்த ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். மதியம் மாமனாருக்குச் சோறு போட்டு, அவர் சாப்பிட்டு எழும்வரை பக்கத்தில் நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமா நிற்கும்போது நான் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. கால் தானாக எழுந்துவிடும்.

அன்று மாலை எங்கள் பகுதித் தையல் யூனிட்காரர்கள் சங்கத்தின் கூட்டம். நான் தலைவர். எனக்கு முன்பு நெடுங்காலம் மாமாதான் தலைவராக இருந்தார். வயதாகிவிட்டது என்று அவராகவே விலகி, இப்போது முன்வரிசையில் சாதாரண உறுப்பினராக உட்காருகிறார்.

நான் நடத்திய முதல் கூட்டம் கூட்டமாகவே இல்லை. மாமா பேச எழுந்தார், நானும் எழுந்துவிட்டேன். அவர் பேசுகிறவரை கைகட்டி நின்றேன். அவர் முடிக்கவேயில்லை. "போதும், அடுத்தவர் பேசட்டும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். படியிறங்கும்போது ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"தலைவர மாத்தலீங்க. நாற்காலிய மட்டுந்தான் மாத்தியிருக்குது."

இந்தக் கூட்டமும் அப்படிக் கலைந்தால் பதவியை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். செயலாளரிடம் மட்டும் அதைச் சொன்னேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். டெய்லராக இங்கே வந்து, இன்று சொந்தமாக யூனிட் வைத்திருக்கிறார். நாடாளுமன்றம் நடக்கிற நாட்களில் அவர் யூனிட்டில் பாட்டு ஓடாது, அதுதான் ஓடும்.

"இதுக்குப் போயி விலகுவாங்களாக்கா? பார்லிமென்ட்ல ஒரு முறை இருக்கு. சபாநாயகர் எந்திச்சிட்டாருன்னா பேசிக்கிட்டு இருக்கவரு உக்காந்துரணும். மந்திரின்னாலும் அப்படித்தான். நாமளும் அத வச்சிக்கிடுவோம்."

"அவரு என்ற மாமனாருங்க."

"ஏன், சபாநாயகருக்கெல்லாம் வீட்ல மாமனார் இருக்க மாட்டாரா?"

நானும் டிவியில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கூச்சலிலும் 'அவைத் தலைவரே' என்று விளித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்கள். அவர் வயதில் சின்னவராக இருக்கலாம், நேற்றுவரை எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் பேச இடம் கொடுக்கிற வேலை அவருடையது. மரியாதை அந்த வேலைக்கு. இது எனக்குப் புரியும். என் காலுக்குத்தான் புரியாது.

மாலையில் கூட்டம் தொடங்கியதும் செயலாளர் அந்த விதியை வாசித்தார். மாமாவே, "நல்ல ரூல்தானுங்க, வெய்யுங்க" என்றார். அடுத்து, சம்பள நாளான சனிக்கிழமையில் எல்லா யூனிட்டும் இரவு வேலை வைக்காமல் ஒரு ஷிஃப்ட்டோடு நிறுத்தலாமா என்ற பேச்சு வந்தது. மாமா எழுந்தார். நானும் எழுந்தேன்.

"தலைவரு எந்திரிச்சுட்டாங்க! ஐயா, உக்காருங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமா சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் மறுபடி எழுந்தார். என் காலும் எழுந்துவிட்டது.

"ஏனம்மிணி, என்னையப் பேச உடறதா இல்லியா?"

கூட்டம் சிரித்துவிட்டது. "ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வாங்க சாமி, பாக்கற எங்களுக்குக் கழுத்து நோவுது!" என்றார் ஒருவர்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மரியாதைக்காக எழுந்து நின்று நான் மாமாவின் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேச வேண்டுமானால் நான் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தேன். நாற்காலியின் கைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க மாமா" என்றேன். அவர் நிற்க, கீழேயிருந்து அண்ணாந்து அவரைப் பார்த்தது அதுவே முதல் முறை. அவர் சட்டையின் அடிமடிப்பில் தையல் விட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

சனிக்கிழமை சரக்கு அனுப்ப வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். செயலாளர் எழுந்து, பெண்களுக்குச் சம்பளம் வாங்கிச் சந்தைக்குப் போக அந்த ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றார். மாமா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"பொழைக்க வந்தவனுக்கு இந்த ஊரு எப்படி மேல வந்துச்சுன்னு என்னடா தெரியும்?"

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. தெற்கத்தி யூனிட்காரர்கள் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். இன்னொரு வார்த்தை விழுந்தால் சங்கமே இரண்டாகியிருக்கும்.

நான் எழுந்தேன். இந்த முறை கால் தானாக எழவில்லை, நான் எழுந்தேன். மாமா பாதிப் பேச்சில் நிறுத்தி என்னைப் பார்த்தார். அவர் உட்காராவிட்டால் இனி அந்த அறையில் யாரும் எனக்காக உட்காரப்போவதில்லை.

மாமா உட்கார்ந்தார். பின்னால் எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் என்னையப் பாத்துப் பேசுங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேச வேண்டாங்க. பொழைக்க வந்தவங்கங்கற பேச்சு இந்தக் கூட்டத்துல இனிமே வரக் கூடாதுங்க மாமா" என்றேன். உட்கார்ந்துகொண்டேன்.

மாமா மறுபடி எழுந்தார். முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டார்.

"தலைவருக்குச் சொல்லிக்கறனுங்க. அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சனிக்கெழம சமாச்சாரத்துக்கு நா ஒத்துக்கலீங்க."

அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கைகளை உயர்த்தச் சொன்னேன். தீர்மானம் நிறைவேறியது. மாமா எதிர்த்துத்தான் கை தூக்கினார், ஆனால் டீ குடித்து முடியும்வரை எழுந்து போகவில்லை. செயலாளர் கொண்டுவந்து கொடுத்த பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து ஓட்டினேன். வீட்டில் என்ன நடக்குமோ என்று கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாலம் தாண்டியதும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அம்மிணி, நா தலைவரா இருந்தப்ப இந்த ரூலு தெரியாமப் போச்சே. கூட்டத்துல வாயே மூடாத என்ற தம்பிய எத்தன வாட்டி உக்கார வெச்சிருக்கலாம்!"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன். பல நாட்களாக நெஞ்சில் இருந்த பாரம் அங்கேயே இறங்கிப் போனது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை யூனிட்டைத் திறந்ததும், மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன் டெய்லர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் சனிக்கிழமை ஒரு ஷிஃப்ட்தான் என்று சொன்னேன்.

"நெசமாலுமாங்கக்கா?" என்றாள் ஓவர்லாக்கில் இருப்பவள்.

"ஆமா கண்ணு" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.