டீ வந்துவிட்டதால்

ஹப்சிகுடாவில் நாங்கள் குடியிருந்த காலனியின் தோட்டச் சங்கத்தில் வருடக் கணக்கை நிறைவேற்றிக் கொடுத்தது டீதான். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நடந்ததே அப்படித்தான். பொருளாளர் எழுந்து ஆங்கிலத்தில் கடகடவென்று வாசிப்பார். முதல் பக்கம் முடியும்போது வாசலில் டம்ளர் சத்தம் கேட்கும், இஞ்சி வாசனை உள்ளே வரும். சேர்மன் அங்கிள், “டீ வந்தாச்சு, பாஸ் பண்ணிடலாமா?” என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். தட்டிய கையோடு டம்ளரை வாங்கிக்கொள்வார்கள். டீ போடும் முறை ஒவ்வொரு வீட்டுக்கும் மாறி மாறி வரும். எனக்குப் பத்து வயதானபோது அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

சங்கம் நல்ல காரியத்துக்கென்று தொடங்கியதுதான். நாச்சாரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் காய்கறித் தோட்டம் போட்டு, விளைவதைப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுப்பது. சந்தா, நன்கொடை எல்லாம் அதைச் சொல்லித்தான் வாங்கினார்கள். அப்பாவுக்கு சாஃப்ட்வேர் வேலை கிடைத்து நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில், தெலுங்கு பாஷை தெரியாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அம்மாவை வெளியே இழுத்தது அந்தத் தோட்டம். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய் மண்ணைக் கொத்திவிட்டு நகக்கண்ணில் அழுக்கோடு திரும்புவாள். புளிச்சக்கீரையும் வெண்டையும் தளதளவென்று வந்தன. புளிச்சக்கீரைக்குத் தெலுங்கில் கோங்கூரா, பள்ளிப் பிள்ளைகள் அவளை ‘கோங்கூரா ஆன்ட்டி’ என்று கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு இருந்த பெருமை அப்பாவின் பிரமோஷனில்கூட இருந்ததில்லை.

அந்தக் கோடையில் பள்ளியின் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. அம்மா சங்கத்தில் சொன்னாள். பார்க்கலாம் என்றார்கள். மறுபடி சொன்னாள். ஃபண்ட் இல்லை என்றார்கள். அதே வாரம் சங்கத்தின் மலர்க் கண்காட்சிக்கு மேடை, பந்தல், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை என்று ஏற்பாடுகள் அமர்க்களப்பட்டன. வெண்டைச் செடிகள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. அம்மா பக்கத்துத் தெருக் குழாயிலிருந்து குடத்தில் சுமந்து பார்த்தாள். எத்தனை குடம்தான் சுமப்பாள்? ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தவள் கையைக்கூடக் கழுவாமல் அப்பாவிடம், “இந்தத் தடவ கூட்டத்துல கேட்டுப்புடுதேன்” என்றாள். அவ்வளவுதான். அம்மா ஒன்றை முடிவு செய்துவிட்டால் எமனே வந்தாலும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

என் கவலை வேறு. கண்காட்சியில் சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கும் சிறுமி நான். இரண்டு வருடமாக நான்தான். பட்டுப்பாவாடை கட்டி மேடையேறி, ஃபோட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்குவேன். அதை வைத்து ஸ்கூலில் நான் அடித்த அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பதவியை எனக்குக் கொடுத்தவர் சேர்மன் அங்கிள். திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்த பழைய தமிழர், பேச்சில் பாதி உருது கலந்திருக்கும். சட்டைப் பையில் எப்போதும் சாக்லேட் வைத்திருப்பார். அவரைப் பிடிக்காத குழந்தை காலனியில் கிடையாது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிளம்புவதற்கு முன் அம்மா இரண்டு ஃபிளாஸ்கில் டீயை ஊற்றி மூடினாள். ஒயர் கூடையில் டம்ளர்களை அடுக்கினாள். கூடையின் அடியில் ஏதோ தாள் இருந்தது. டம்ளர் அழுக்காகாமல் இருக்கப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏட்டி, நான் ஆள் அனுப்புத வரைக்கும் டீ வரக்கூடாது. யாரு கேட்டாலும் குடுக்காத. உன்ன நம்பித்தான் இருக்கேன், கேட்டியா?”

நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். ஃபோன் அடித்தது. சேர்மன் அங்கிள்தான், ஹாலுக்கு வெளியே வந்து தன் செல்லிலிருந்து பேசினார்.

“பேட்டா, டீ ரெடியா?”

அம்மா கொடுக்கக் கூடாதென்று சொல்லியிருப்பதை அப்படியே ஒப்பித்தேன். பத்து வயதில் என் ராஜதந்திரம் அவ்வளவுதான்.

“நக்கோன்னாங்களா, வேணாம்னா? அரே, கைக்கு, ஏன் பேட்டா? இங்க எல்லாருக்கும் தலை நோவுதும்மா.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஆமா, இந்த வருஷம் பூங்கொத்து யாரு குடுக்கப் போறாங்க?” என்றார்.

“நான்தான் அங்கிள்.”

“ஹவ், ஆமா, நீதான். சீக்கிரம் வா.”

ரொம்ப யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஃபோனை வைத்த கையோடு இரண்டு தோளிலும் ஃபிளாஸ்க்குகளை மாட்டி, கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த ஹாலுக்கு ஓடினேன்.

உள்ளே அம்மா கணக்குத் தாளோடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சங்கத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், ஆனாலும் அவள் அப்படி நாலு பேர் முன்னால் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

“இதரச் செலவுன்னு ஒண்ணு போட்டிருக்கியளே, அது என்ன செடி சார்? எல்லாத் தண்ணியும் அதுக்கே போகுது. பிள்ளையளோட வெண்டைக்கு ஒரு சொட்டு வரல்ல.”

சிரிப்பு எழுந்தது. பொருளாளர் தாளைப் புரட்டினார். பின்வரிசையில் ஒருவர், “கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார். பொருளாளர் வாயைத் திறந்த நேரத்தில் நான் கூடையோடு உள்ளே நுழைந்தேன். டம்ளர்கள் கலகலவென்றன.

“டீ வந்தாச்சு! பாஸ் பண்ணிடலாமா?” என்றார் சேர்மன் அங்கிள். பழக்கதோஷத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கணக்கு நிறைவேறிவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வந்து கூடையை வாங்கி, டம்ளர்களை மேஜையில் எடுத்து வைத்தாள். அடியிலிருந்த தாளையும் எடுத்தாள். அப்பா ஆபீஸ் பிரின்டரில் அச்சடித்துக் கொண்டுவந்த மனு அது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி இருந்ததாம்.

அம்மா டீ ஊற்ற ஆரம்பித்தாள். யார் கை நீட்டினாலும் ஒரு கைக்கு டம்ளர், மறு கைக்குப் பேனா. “தோட்டத்துக்குத் தண்ணி வேணும்லா, ஒரு கையெழுத்துப் போடுங்க.” அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி முதலில் போட்டார். அவர் முறைத்ததும் அவர் வீட்டுக்காரரும் போட்டார். சேர்மன் அங்கிளுக்கு விஷயம் பிடிபட்டபோது தாள் பாதி ஹாலைச் சுற்றிவிட்டிருந்தது. “அரே, என்னம்மா இது?” என்றார். அம்மா அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்து, “சீனி போதுமா சார்?” என்று கேட்டாள். டீ தீர்ந்தபோது வேண்டியதற்கு மேலேயே கையெழுத்து விழுந்திருந்தது.

சிறப்புக் கூட்டத்தில் இதரச் செலவைப் பிரித்து வாசிக்க வைத்தார்கள். சால்வை, கேடயம், விருந்துச் சாப்பாடு என்று நீண்டுகொண்டே போனதாம். திருட்டு என்று சொல்ல முடியாது, பவிசு என்று சொல்லலாம். சேர்மன் அங்கிள் கண்கலங்கப் பதவியை விட்டார். பள்ளிக்கு மோட்டார் வந்தது. அந்த வருடம் கண்காட்சியும் இல்லை, மேடையும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. பட்டுப்பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அங்கிளை அழவைத்துவிட்டாய் என்று அம்மாவிடம் சண்டைகூடப் போட்டேன்.

ஆனால் உள்ளுக்குள் அரித்தது வேறு. அம்மா நம்பி ஒப்படைத்ததை ஒரு ஃபோனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே! அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். எனக்கே ஒரு மகள் பிறந்த பிறகும், இஞ்சி டீ கொதிக்கும் வாசனை வந்தால் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

போன வருடம் அப்பாவின் பழைய ஃபைலில் ஒரு சான்றிதழைத் தேடியபோது அந்த மனுவின் ஜெராக்ஸ் கிடைத்தது. அன்றைக்குக் கையெழுத்துகளைப் பார்த்தேனே தவிர, மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்ததில்லை. இப்போது வாசித்தேன். அப்பாவின் ஆங்கிலத்தில் முதல் வரியே இப்படி இருந்தது: இன்றைய கூட்டத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே டீ வந்துவிட்டதால் எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

மேலே அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. கீழே மூலையில் பிரின்டர் தானாகப் போட்ட தேதி. அது இரண்டு நாள் முந்தையது.

தரையில் உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தேன். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உன்ன நம்பித்தான் இருக்கேன் என்று அம்மா சொன்னது சத்தியம். என்னிடம் எதை நம்பினாள் என்பதுதான் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.