தாலி கட்டும் இடத்தில் அணைந்த கம்ப்யூட்டர்

பெரம்பலூரில் என் சர்வீஸ் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். அரியலூர் மேகலா, கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னாலேயே அவளுடைய மாமியார். மேகலா கல்யாண வீடியோ எடிட் செய்பவள், பழைய கஸ்டமர், என் தங்கை வயது. முந்தின நாள் கல்லங்குறிச்சி கோயிலில் அவள் நாத்தனாருக்குக் கல்யாணம். இன்று சாயங்காலம் பெரம்பலூரில் ரிசப்ஷன். அங்கே பெரிய திரையில் வீடியோ ஓட வேண்டும்.

“முழு வீடியோவா ரெண்டர் போட்டா சரியா தாலி கட்டற எடத்துல ஆஃப் ஆயிடுதுங்க சார். அத்தை அபசகுனங்கறாங்க.”

மாமியாரின் முகமே சொன்னது.

கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மேகலா ஏதோ வீடியோ பார்த்து ஓவர்கிளாக் செய்திருக்கிறாள். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ப்ராசஸரை ஏற்றி, வோல்டேஜையும் கூட்டியிருந்தாள். தாலி கட்டும் இடத்தில் பூமழை, ஸ்லோமோஷன், மின்னும் நட்சத்திரம் என்று எல்லா எஃபெக்டையும் ஒன்றாகக் கொட்டியிருந்தாள். அங்கே வரும்போது ப்ராசஸருக்கு முழு லோடு. சூடு எல்லை தாண்டினால் அது தானாக அணைந்துவிடும்.

“அதே மாடல்தாங்க. அந்த வீடியோல ஒருத்தர் இதவிட வேகமா ஓட்டுறாரே?”

அவருக்கு ஏசி ரூம், ப்ராசஸரைக் குளிர்விக்கத் தண்ணீர் கூலர். இவளுக்குப் பெட்டியோடு வந்த சின்ன ஃபேன், அதிலும் அரியலூர் சிமெண்ட் லாரித் தூசி. தவிர, ஒரே மாடல் என்றாலும் ஒரு சிப் தாங்குவதை இன்னொன்று தாங்காது, வோல்டேஜைக் கூட்டினால் ஆயுளும் குறையும் என்று சொன்னேன்.

“ஒரே வூட்டுப் புள்ளைங்களே ஒண்ணாவா இருக்கு” என்றார் மாமியார்.

தூசி ஊதி, சூடு கடத்தும் பேஸ்ட் மாற்றி, பழைய வேகத்துக்கே இறக்கினேன். மேகலாவுக்கு மனசே இல்லை. ரெண்டர் ஊர்ந்தது. தாலி கட்டும் இடம் வந்ததும் மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். தாண்டியது. மாமியார் எங்களுக்கு டீ சொல்லிவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பினார்.

முடிந்ததும் ஓட்டிப் பார்த்தால், ஒரு கிளிப் முழுக்கப் பச்சைக் கட்டங்கள். வேகம் ஏற்றிய மெஷின், கேமராவிலிருந்து காப்பி எடுக்கும்போதே தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறது. கேமரா கார்டையோ மேகலா அதற்கு முன்பே அழித்திருந்தாள். வேறு வழியில்லாமல் அந்தக் கிளிப்பை வெட்டிவிட்டு மண்டபத்துக்கு ஓடினாள்.

ரிசப்ஷனுக்கு நானும் போனேன். வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது. முடிந்ததும் மாமியார் கேட்டார்: “நான் குத்துவெளக்கு ஏத்துனனே, அது எங்கம்மா?”

மேகலா என்னைப் பார்த்தாள். நான் பாயசத்தைப் பார்த்தேன்.

“வேகமா ஓட்டுனதுல நீங்க நடுவுல எறங்கிட்டீங்கத்தை” என்றாள்.

ஓவர்கிளாக் கேட்டு வருகிறவர்களிடம் ப்ராசஸர் கருகிவிடும் என்று நான் மிரட்டுவதில்லை. சூடு ஏறினால் அது அணைந்து தன்னைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஃபைலை யார் பார்த்துக்கொள்வார் என்றுதான் கேட்கிறேன்.