மஞ்சக்குட்டைச் சாலையில் நானூறு மீட்டர்

ஜனவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை நானும் வீட்டுக்காரரும் ஈரோட்டிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். வியாழக்கிழமை எனக்கு மருத்துவமனையில் பரிசோதனை. அதற்கு முன் ஒரு நல்ல சாலையில் நடந்து பார்த்துவிட ஆசை. எனக்கு வயது அறுபத்து நான்கு, இருபது வருடச் சர்க்கரை, வலது கால் ரத்தக்குழாயில் அடைப்பு. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். கடைத்தெருவில் பிடித்தால் வெட்கப்பட்டுக்கொண்டு பாத்திரக்கடை முன்னால் நின்று விலை விசாரிப்பேன். அப்படி வாங்கிய இட்லிப் பானைகள் மட்டும் வீட்டில் மூன்று இருக்கின்றன.

மருத்துவர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருந்தார். நடை கூடினால் நல்லது, கூடாவிட்டால் குழாய்க்குள் ஸ்டென்ட் வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். கணுக்காலில் கட்ட ஒரு பட்டை, போனில் அதற்கொரு செயலி. வலி நன்றாக ஏறும்வரை நடந்து, உட்கார்ந்து, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். உட்காராமல் எவ்வளவு தூரம் போனோம் என்பதைப் பட்டை பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் பிசியோதெரபிஸ்ட் பெண் கூப்பிட்டு, அந்த வாரத்தின் அதிகபட்ச தூரத்தைச் சொல்வார். முதல் நாள் நூற்றைம்பது மீட்டர். போன வாரம் அறுநூற்று இருபது. அடுக்குமாடி வராந்தாவில் காலையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற எனக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியாது. ஆனால் காதுக்கு இனிப்பாக இருந்தது.

காலை ஆறு மணிக்கு வாடகைக் கார். போக வர நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், டீசலும் சேர்த்து. சேலம் வரை அறுபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து மேலே முப்பது. ஏழே முக்காலுக்கு அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டோம். வெகுநேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது என்பதால் டிரைவர் செந்தில் கேட்காமலே இரண்டு இடத்தில் நிறுத்தினார்.

"இருபது வளைவுங்கம்மா. நொம்ப ஆட்டாம ஏத்தறனுங்க," என்றார். சொன்னபடியே ஏற்றினார்.

ஏரிக்கரையில் எட்டே முக்காலுக்கே பள்ளிக்கூடச் சுற்றுலா வந்து இறங்கியிருந்தது. நடக்க இடமில்லை. மஞ்சக்குட்டை போகிற சாலையில் சமமான இடம் இருக்கிறது என்று செந்தில் அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் நிழல், எப்போதாவது ஒரு ஜீப். சாலையோரம் இருநூறு மீட்டருக்கு ஒரு சின்னக் கல், புதுச் சுண்ணாம்பு அடித்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று கல்லைத் தாண்டி நாலாவதை எட்டிப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரர் மடக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். முதல் கல்லை எளிதாகத் தாண்டினேன். இரண்டாவது கல்லுக்குப் பத்தடி இருக்கும்போதே கெண்டைக்கால் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கல்லைத் தொட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி நடந்தேன். இந்த முறையும் இரண்டு கல்தான்.

அறுநூற்று இருபது நானூறானால் கால் கெட்டுப்போகிறது என்றுதானே அர்த்தம்? நாளை மறுநாள் மருத்துவர் முகத்தில் எப்படி விழிப்பது?

கொஞ்சம் தள்ளி ஒரு சாலைப் பணியாளர் சுண்ணாம்பு வாளியோடு அடுத்த கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, இந்தக் கல்லு இருநூறு மீட்டர் சரியா இருக்குங்களா? தள்ளிக் கிள்ளி நட்டிருப்பாங்களோ?"

"டேப்பு புடிச்சு நட்டதுங்கம்மா. நானே ஒரு முனையப் புடிச்சிருந்தனுங்க. ஒரு சாண் கூடக் கொறையாதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பட்டையைக் கழற்றித் தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"அதத் தட்டாத சரசு. பட்டை மேல தப்பில்ல. சாயங்காலத்துல நாந்தான் கட்டீட்டு நடந்தேன்."

தினமும் மாலை நான் டி.வி. முன்னால் உட்காரும் நேரத்தில் பட்டையை வாங்கி, சார்ஜ் போடுவதாகச் சொல்லி, போனையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். செடிக்குத் தண்ணீர் விடவும் நாற்பது நிமிடம் ஆகும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆறு வாரம் மனிதர், சந்தேகம் வராதபடி இடையிடையே உட்கார்ந்து, வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி, என் காலாக நடந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மருத்துவரையே ஏமாத்துவீங்களா? அத நம்பி அவரு வேண்டியதச் செய்யாம உட்டா எங்காலு என்னாவறதுங்க?"

அவர் முக்காலியின் கால்களை மடக்கி மடக்கி விரித்தார். "எங்கண்ணன் கால் வைத்தியத்துக்குன்னு ரெண்டு காலோட போயி ஒத்தக் காலோட ஊடு வந்தாரு. உன்ன அந்த ஆபரேசன் கட்டில்ல படுக்க உட எனக்குத் தைரியமில்ல."

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. அவருடைய அண்ணனுக்கு நடந்தது புண் முற்றிய பிறகு, கடைசி நேரத்தில் செய்த அறுவை. என்னுடையது வேறு என்று மருத்துவர் விளக்கியபோது இவரும் பக்கத்தில்தான் இருந்தார். பயத்துக்கு அதெல்லாம் கேட்பதில்லை.

ஏற்காடு ஊருக்குள் திரும்பியதும் ஏரியோரம் காரில் உட்கார்ந்தே பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார் என்று பயந்தேன். அவர் சிரித்தார்.

"காலைல ஒருத்தரு, சாயங்காலம் வேறொருத்தரு நடக்கற மாதிரி இருக்குதேன்னு எனக்கே சந்தேகங்கம்மா. காலை நடைய மட்டும் தனியாப் பாக்கறேன், இருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கு நானூறுங்கம்மா. போன வாரம் முன்னூத்தி எண்பது. இது உங்க காலுதான்," என்றார்.

நூற்றைம்பதிலிருந்து நானூறு. பொய்யான அறுநூற்று இருபதுக்குப் பூரித்த மனது, மெய்யான நானூறைக் கண்டு கல்லோரம் உட்கார்ந்து அழப் பார்த்திருக்கிறது. அன்று மதியம் ஏரி எதிரே இருவருக்கும் சாப்பாடு இருநூற்று நாற்பது ரூபாய், ரசம் பிரமாதம். நாலு மணிக்கு இறங்கி, ஆறே முக்காலுக்கு வீட்டில் இருந்தோம்.

இதே தொல்லையோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். குளிரில் வலி சீக்கிரம் வரலாம், கம்பளிக் காலுறை அவசியம். இறக்கம் என்று உற்சாகமாக இறங்கிவிடாதீர்கள், திரும்ப ஏறி வர வேண்டும். முக்காலி எடுத்துப் போங்கள். இரவு பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் கூச்சப்படாமல் நில்லுங்கள். ஏற்காட்டில் எல்லோரும் பத்தடிக்கு ஒரு முறை நின்று எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முக்கியமாக, பட்டையை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

வியாழக்கிழமை மருத்துவர் டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம், இன்னும் மூன்று மாதம் நடங்கள் என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் கவனித்தேன், வீட்டுக்காரரின் செருப்பு குதிகாலில் ஓட்டை விழுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. போகிற வழியில் அவருக்குப் புதுச் செருப்பு வாங்கினோம். இப்போது மாலையில் இருவரும் சேர்ந்தே நடக்கிறோம், பட்டை என் காலில்தான் இருக்கிறது. வலித்து நான் நின்றால், என் காலாக நடந்த பழக்கத்தில் அவரும் நின்று தன் கெண்டைக்காலைத் தடவிக்கொள்கிறார்.