தவிட்டுக்குருவிகளின் பந்தி

தான்சானியாவில் போர்வெல் வேலை பார்த்த காலத்தில், எங்கள் முகாமைச் சுற்றியிருந்த முட்புதர்க்காட்டில் ஒரு குருவிக்கூட்டம் திரியும். ஒன்று இறங்கினால் எல்லாம் இறங்கும். ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிடும். லீவு நாளெல்லாம் கேமராவும் கையுமாக, பாதி தூக்கத்தில் இருப்பவன் மாதிரி, அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். அப்பாவுக்குப் படம் அனுப்பினால், "நம்ம தவிட்டுக்குருவிதான்டா. இதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்பார்.

அவர் சொன்னது ஏறக்குறையச் சரி. குடவாசல் பக்கம் எங்கள் கொல்லை மூங்கிலடியில் அதன் பங்காளிகள்தான் சருகைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. ஊர் திரும்பியபின் என் காலைப்பொழுது அவற்றோடுதான். வயல் மேல் பனி படுத்திருக்கும். கீச்சுகீச்சென்று ஓயாத பேச்சு. நான் ஒருவன் அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோகும்.

அப்பாவும் அந்தக் குருவி ரகம்தான். தனியாகச் சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர், உரமூட்டை இறக்க வந்தவர் என்று யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?" என்று அம்மா அடுப்படியில் பொரிந்து தள்ளுவாள்.

அவருடைய முதல் வருஷத் திதியன்று கொல்லைச் சுவரில் இலை போட்டுக் காக்காய்க்குச் சோறு வைத்தேன். காக்காய் வாய்வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. கா கா என்று கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மற்ற நாளில் வடாம் திருடுகிற ஒன்றையும் காணோம். அம்மாவுக்குச் சர்க்கரை. காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"கொஞ்சம் பாலாவது குடிம்மா."

"அவரு சாப்பிடாம நான் எப்படிடா?"

எனக்குப் பயமாக இருந்தது. அப்பா மேல் கோபம்கூட வந்தது.

அந்த நேரம் பார்த்து மூங்கிலிலிருந்து ஒரு தவிட்டுக்குருவி தத்தித் தத்தி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு மொத்தக் கூட்டமும் இலையைச் சுற்றி உட்கார்ந்து சோற்றைக் கொத்த ஆரம்பித்தது. என் செல்லங்கள்தான். ஆனாலும் காக்காய்க்கு வைத்தது எச்சிலாகிறதே என்று விரட்டக் கையை ஓங்கினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இலையைச் சுற்றியிருந்த கூட்டத்தையே பார்த்தாள்.

"இன்னிக்கும் சொல்லாம கொள்ளாம ஆளக் கூட்டிட்டு வந்திருக்காரு பாரு" என்றாள். கண் நிறைந்திருந்தது. "எனக்கும் இலையப் போடுடா."