அந்த வருடம் நாங்கள் வென்றோமா?

இன்று பின்னேரம் வெக்ஸ்போர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டிக்காகக் காத்திருந்தேன். கடை டிவியில் எங்கள் நகரத்துக் கூடைப்பந்து அணி சாம்பியனான வருடத்தின் ஆட்டங்களைத் திரும்பவும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டவுன்ரவுணிலை நடந்த வெற்றி ஊர்வலத்திலை என்ன சனம்," என்றேன், பக்கத்தில் நின்ற அண்ணையிடம்.

"ஊர்வலமோ? அந்த முறை கடைசி மட்சிலை தோத்தனாங்கள், தங்கச்சி."

டிவியில் வீரர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"கோப்பை ஒண்டையும் நான் காணேல்லை," என்றார் அமைதியாக.

கொத்துக் கட்டிக்கொண்டிருந்த அன்ரி நிமிர்ந்தார். "ஓம், தோத்ததுதான். என்ர மகன் அண்டைக்குச் சாப்பிடாமல் படுத்தவன்."

அந்த ஊர்வலத்தில்தான் என் கணவர் முதன்முறையாக நடுத்தெருவில் வைத்து என்னைக் கட்டிப்பிடித்தார். கொத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஊர்வலத்துக்குப் போனது ஞாபகம் இருக்கோ?"

"எந்த ஊர்வலம்? நான் அந்த வருசம் மிசிசாகாவிலை வேலை. டவுன்ரவுண் பக்கம் வரவேயில்லையே."

காருக்குள் இருந்து எழுதுகிறேன். கொத்து ஆறுகிறது. வீட்டுக்குப் போக இன்னும் மனம் வரவில்லை.

அன்று நாங்கள் வென்றோம்தானே? யாராவது ஓம் என்று எழுதுங்கோ. என்னைக் கட்டிப்பிடித்தது யார் என்பதைப் பிறகு பார்ப்போம்.